ஒரு ஷிப்ட் மிச்சம்

மதியச் சாப்பாடு பிந்தினால் எனக்கு வயிறு எரியும். அப்படியும் பன்னிரண்டு வருடங்கள், பேங்கின் உதவி மேலாளரான நான், அந்த நேரத்தில்தான் பனியன் கம்பெனி வாசல்களில் நின்றிருக்கிறேன், இன்ஸ்பெக்டர் சார். கம்பெனி ஆட்கள் பேங்குக்கு வந்தால் ஒரு ஷிப்ட் சம்பளம் போய்விடும். அதனால் கணக்கில் போட வேண்டிய பணத்தை நானே போய் வாங்குவேன். பணம் எடுக்கும் படிவங்களில், நிரப்பாமலே, முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வேன். அவர்கள் செல்போன் எண்ணை அடிக்கடி மாற்றுவதால், பேங்க் அனுப்பும் குறுஞ்செய்திக்கு என் எண்ணையே கொடுத்திருந்தேன். என்னை நம்பும்படி நான் யாரையும் கேட்டதில்லை.

மனைவி பெயரில் ஒரு சின்ன பனியன் யூனிட் வைத்திருந்தேன். ஆர்டர் ரத்தாகி, கடன் கழுத்தைப் பிடித்தது. அந்தப் படிவங்களை நிரப்பினேன். நாற்பத்தொரு பேர், எல்லோரும் தென்மாவட்டத்துக்காரர்கள். உள்ளூர்க்காரர்களைத் தொடவில்லை. அவர்களுக்குக் கேட்க ஆள் உண்டு.

அவர்களில் ஒருவரான பாண்டியம்மாளுக்கு ஊர் சங்கரன்கோவில் பக்கம். இங்கே கம்பெனியில், தைத்த பனியனில் பழுது பார்க்கும் செக்கிங் வேலை. மகள் சத்யப்பிரியாவுக்கு இதயத்தில் ஓட்டை. அந்த ஆபரேஷனுக்காகவே எட்டு வருடம் சேர்த்தார். ஐப்பசியில் மகளோடு பேங்குக்கு வந்தார். கோவையில் நாள் குறித்திருந்தார்கள். படியேறிய களைப்பில் அந்தப் பெண் வாயால் மூச்சு வாங்கினாள். நான் தண்ணீர் கொடுத்தேன். அவர் கணக்கில் அப்போது நானூற்றுச் சொச்சம் ரூபாய்தான் இருந்தது.

“இப்ப எடுத்தீங்கன்னா வட்டி போயிருமுங்க. தை வரைக்கும் பொறுத்துக்கங்க,” என்றேன்.

“டாக்டரு சீக்கிரம்ங்காரு. ஆனா நீங்க நல்லதுக்குத்தான சொல்லுவிய சார்,” என்று திரும்பிப் போனார்.

மார்கழியில் அந்தப் பெண் இறந்தாள். மாலை வாங்கிக்கொண்டு போனேன். எனக்கும் அழுகை வந்தது. அது நடிப்பில்லை, இன்றைக்கும் அவள் மூச்சு வாங்கியதை நினைத்தால் சாப்பாடு இறங்காது.

காரியம் முடிந்த மறுநாள், அந்த அம்மா ஒரு ஷிப்டை விட்டுவிட்டுப் பேங்குக்கு வந்தார். ஆபரேஷனுக்கென்று கம்பெனி ஆட்கள் திரட்டிக் கொடுத்த பதினோராயிரத்தை என் மேஜையில் வைத்தார்.

“இனி எனக்கு என்னத்துக்கு சார். நீங்களே பத்திரமா வச்சிக்கிடுங்க.”

மற்றதையெல்லாம் நான்தான் எடுத்தேன். இந்தப் பதினோராயிரத்தில் ஒரு ரூபாய்கூடத் தொடவில்லை. அவர் கண்ணெதிரே எண்ணி, கணக்கில் வரவு வைத்து, ரசீது கொடுத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்த அம்மாவை ஏமாற்ற எனக்கு மனம் வரவில்லை.