கூப்பிடாத கடை

பாப்பிரெட்டிப்பட்டியில் தர்மபுரி பஸ் கிளம்பியதும், என் முன் சீட்டில் இருந்த அம்மா தன் நாத்தனாரிடம் சொன்னார்:

"ரெண்டு வாட்டி கடைய வுட்டு வெளிய வந்துட்டேன். ஒருத்தனும் கூப்புடல."

"எந்தக் கடைங்க அண்ணி?"

"நாம எப்பவும் போற ஜவுளிக்கடைதான். ஒத்தக் கதவுக் கடையா இருந்தப்போ, வெல கட்டலன்னு எறங்கி நடந்தா, மொதலாளி தெருமுக்கு வரைக்கும் ஓடியாருவாரு. 'கேட்ட வெலைக்கே எடுத்துக்குங்கம்மா'ம்பாரு. இப்ப மூணு மாடி. ரெடிமேடு, செருப்பு, சென்ட்டு வரைக்கும் விக்கறாங்க. ஓசூர்ல வேற ஒண்ணு தொறந்துட்டாங்களாம்."

"அதான் ஒரே வெலைன்னு போர்டு மாட்டியிருக்காங்களே?"

"மாட்டினா மாட்டட்டும். நான் மெதுவாத்தான் நடந்தேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் திரும்பித் திரும்பிப் பாத்தேன்."

"புள்ள நிச்சயத்துக்கு என்னங்க பண்றது?"

"அந்த மாம்பழக் கலரு புடவைதான் வேணுங்கறா. இல்லீன்னா வெள்ளிக்கிழம மாப்ள வூட்டார் முன்னால வந்து உக்காரவே மாட்டாளாம். கடையில அது ஒண்ணே ஒண்ணுதான் இருக்குது."

அதற்குள் வேறு யாராவது எடுத்துப் போயிருந்தால்? நான் முன் சீட்டுப் பக்கம் சாய்ந்துகொண்டேன்.

"அப்ப அவங்க சொல்ற வெலைக்கே வாங்கிப்புடுங்க."

"நானாத் திரும்பிப் போயா? அந்த சேல்ஸ்மேன் சிரிக்க மாட்டானா? அதுக்குத்தான் உன்னக் கூட்டிக்கிட்டுப் போறேன். நான் எறங்கி நடக்கறேன். நீ கடை வாசல்ல நின்னு, 'வாங்கம்மா, வாங்க'ன்னு சத்தமாக் கூப்புடு."

"நான் கூப்புட்டா வந்துருவீங்களா?"

"மூணு வாட்டி கூப்புடு. மொத வாட்டியே திரும்பினா எனக்கு என்ன மருவாதி?"