என் கார்டு, உன் நம்பர்

பாகலூரிலிருந்து ஓசூருக்குப் போகும் பேருந்து. எனக்கு முன் சீட்டில் ஒரே கம்பெனிச் சீருடையில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள் தோழியிடம் கேட்டாள்:

“என் கிரெடிட் கார்டோட பின் நம்பர சொல்லு.”

“எதுக்கு?”

“இன்னிக்குள்ள ரெண்டாயிரத்துக்கு வாங்கினா, புதுக் கார்டுக்கு ஐநூறு ரூபா போனஸ் தராங்க.”

“என்ன வாங்கப் போற?”

“கடைக்குப் போய்த்தான் பாக்கணும்.”

“அப்ப சொல்ல மாட்டேன். செலவு கட்டுக்குள்ள இருக்கணும்னுதான நம்பர என்னைய போட வச்ச?”

“சரி, மாச மளிகை வாங்கிக்கறேன். சம்பளம் வந்ததும் முழுசா கட்டிருவேன்.”

தோழி அவள் காதில் நம்பரைச் சொன்னாள். நல்லவேளை, எனக்குக் கேட்கவில்லை.

“அப்படியே என் கார்டோட நம்பரையும் சொல்லேன்” என்றாள் தோழி.

ஜன்னலோரத்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“எதுக்கு?”