உப்பளத்து மணமகளுக்குப் பாடியவள்

அந்தப் படத்தின் கடைசிக் காட்சியில் பெய்தது மழை அல்ல. தீயணைப்பு வண்டித் தண்ணீர். கதாநாயகன் ஊதிய ட்ரம்பெட்டுக்குள் காற்றே போகவில்லை. நம் கொரியாவில், இந்தத் தேகு நகரத்து வார இதழ் ஒன்றில், பதினெட்டு ஆண்டுகளாக இப்படிப்பட்ட கேள்விகளுக்குத்தான் நான் பதில் எழுதிவந்தேன். நீங்களும் விடாமல் படித்ததாகச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர். நன்றி.

அந்தச் சினிமாப் பாட்டுகள் எனக்குப் பிடிக்குமா என்று கேட்டீர்கள். குமட்டும். பாடுகிறவரின் திறந்த வாய், உள்ளே மினுங்கும் எச்சில், அதைக் காசு கொடுத்துப் பார்க்கும் கூட்டம். வாசகர் கடிதங்களும் அப்படியே. காய்ந்த கணவாய் மீன் தின்ற விரலோடு எழுதுவார்கள். ஓரத்தைப் பிடித்துப் படித்துவிட்டுக் கை கழுவுவேன். நாங்கள் ‘நாம்’ என்னும் குலப்பெயர் கொண்ட வம்சத்தின் மூத்த கிளை. எங்கள் வம்சப் புத்தகத்தில் பதினான்கு தலைமுறைப் பெயர்கள் இருக்கின்றன. ஒருவரும் அடுத்தவர் கைதட்டலுக்காக வாய் திறந்தவர் இல்லை.

பிறகு ஏன் அந்த வேலை? என்றாவது ஒருநாள் ஒரு கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். அது இன்னொருவர் கையில் கிடைத்துவிடக் கூடாது.

போன ஜனவரியில் அது வந்தது. பூசானிலிருந்து ஒரு முடிதிருத்துபவர் எழுதியிருந்தார்: ‘உப்பளத்து மணமகள் படத்தில் கேட்பது கதாநாயகியின் குரல்தானா? இல்லை என்று என் மனைவி பந்தயம் கட்டுகிறாள். பாடியது யார்? இப்போது எங்கே இருக்கிறார்?’

கிழித்திருப்பேன். ஆனால் ஆசிரியர் பியோ எனக்கு முன்பே அதைப் படித்துவிட்டார்.

“என்ன நாம் ஐயா, ஒரே யோசனையா இருக்கு? உங்களுக்கே தெரியலையா? சரி விடுங்க, ‘தெரியாது’ன்னு போட்டுடுவோம். பதினெட்டு வருஷத்துல ஒரு தடவை. திருஷ்டி கழிஞ்ச மாதிரி இருக்கும்” என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பைப் பொறுக்க முடியாமல் பதில் எழுதினேன். ‘பாடியவர் பேக்-ரான் என்ற மேடைப் பெயர் கொண்ட பெண். பாடியது அந்த ஒரு பாட்டுதான். 1961 வசந்தத்தில் காசநோயால் இறந்தார்.’

வீட்டில் அவள் பெயர் பில்-சுன். என் தங்கை. பத்தொன்பது வயதில் சியோலுக்கு ஓடினாள். நான் போய் அழைத்துவந்தேன். காசநோயில் போய்விட்டாள் என்று உறவினர்களிடம் சொன்னேன். குடும்பப் பதிவேட்டிலும் அப்படியே எழுதவைத்தேன். அதன் பிறகு அவள் எங்கள் பின்னறையில் இருந்தாள். ஒரு குறையும் வைக்கவில்லை. வெளியே தாழ்ப்பாள், உள்ளே மூன்று வேளைச் சோறு. பாடினால் மட்டும் மறுநாள் சோறு கிடையாது. நான்காம் ஆண்டுக்குள் அடங்கிவிட்டாள்.

பிப்ரவரி கடைசியில், அக்கார்டியன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு கிழவர் அலுவலகத்துக்கு வந்தார். பெயர் தோ. அந்தப் பாட்டுக்கு வாசித்தவர்.

“பேக்-ரான் செத்துட்டாள்னு எழுதின மகராசன் யாருய்யா? போன அறுவடைத் திருநாளுக்கு எனக்கு அட்டை போட்டிருக்கா. மேல தபால்பெட்டி வச்சுட்டானுவளா?”

அவள் கையெழுத்துதான். எங்கள் சமையல்காரி தபாலில் சேர்த்திருக்கிறாள். ‘அந்தப் பாட்டை மறக்கவில்லை. வாயை மூடிக்கொண்டே பாடிப் பார்க்கிறேன்’ என்று மட்டும் எழுதியிருந்தது. முகவரி இல்லை.

பியோ அட்டையைத் திருப்பிப் பார்த்தார். “தபால் முத்திரை உங்க பேட்டைதான் ஐயா! தோ அண்ணன் போய் விசாரிக்கட்டும். ஆள் கிடைச்சதும் போட்டோவோட திருத்தம் போட்டுடுவோம். சும்மா பறக்கும் பாருங்க.”

என் பத்தியின் அடியில் ஒருமுறைகூடத் திருத்தம் வந்ததில்லை. “ஒரு வாரம் பொறுங்க, நானே சரிபார்க்கிறேன்” என்றேன்.

மார்ச் மூன்றாம் தேதி குளிர் திரும்பியது. நிலக்கரிப் புகையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. குளிர்காலம் தோறும் உங்கள் பதிவேடு அதனால்தான் நிறைகிறது. அடுப்பின் சூடு தரைக்கடியில் ஓடும்போது, தரையில் வெடிப்பு இருந்தால் புகை அறைக்குள் ஏறும். மணம் இருக்காது. பின்னறை மூலையில் அப்படி ஒரு வெடிப்பு உண்டு. ஆண்டுதோறும் நானே தடித்த தாள் ஒட்டி அடைப்பேன். அன்று மதியம் அவள் படுக்கையை நகர்த்திவிட்டு அந்தத் தாளை உரித்தேன். பிறகு சன்னல் இடுக்கிலும் கதவு இடுக்கிலும் புதுத் தாள் ஒட்டினேன்.

பசைக் கிண்ணத்தை அவள்தான் பிடித்துக்கொண்டாள்.

“என்ன அண்ணே, இன்னிக்கு அதிசயமா இருக்கு? எனக்குக் குளிருமேன்னு தோணுச்சா?”

“ஆமாம்” என்றேன்.

“நல்ல மனசோட இருக்கீங்க. ஒரே ஒரு தடவை பாடிக்கட்டுமா? மெதுவா. சோத்தை நிறுத்திடாதீங்க.”

பாடு என்றேன். வாயைத் திறந்தாள். முன்பல் மூன்று இல்லை. அந்த இடைவெளியில் நாக்கு ஈரமாக அசைந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு மிச்சமிருந்த இடுக்கை ஒட்டினேன். சுருதி பிசகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். போகும்போது அடுப்பில் இரண்டு கரிக்கட்டிகள் கூடுதலாக வைக்கச் சொன்னேன்.

காலையில் சமையல்காரி கதவைத் திறந்தபோது தங்கைக்கு மூச்சு இருந்தது. புகை தாக்கியவர்களுக்கு முள்ளங்கி ஊறிய புளித்தண்ணீர் கொடுப்பது வழக்கம். சமையல்காரி ஒரு கிண்ணம் நிறைய எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். வாசலிலேயே அதை வாங்கிக்கொண்டு, “நீ போய் டாக்டரைக் கூட்டிட்டு வா” என்றேன். நடந்தே போகச் சொன்னேன்; தெருவில் பனி வழுக்கும். அவள் போனதும் கிண்ணத்தில் இருந்ததை நான் குடித்தேன். நன்றாகப் புளித்திருந்தது. டாக்டர் வருவதற்குள் பின்னறை அமைதியாகிவிட்டது.

வாக்குமூலத்தைப் படித்துப் பார்த்து, திருத்தம் இருந்தால் சொல்லச் சொன்னீர்கள். இதில் ஒன்றும் இல்லை. என் பதிலில் நோயின் பெயரும் ஆண்டும் பிசகிவிட்டன. ஆனால் வசந்தம் என்று எழுதியிருந்தேன். மார்ச் நான்கு வசந்தம்தான்.

பதினெட்டு ஆண்டுகளில் என் வாசகர்களுக்கு நான் பொய்யான பதில் ஒன்றுகூடச் சொன்னதில்லை.