முன்னால் பாதை இல்லை

ஒரு வகுப்பை, அதன் ஆசிரியரைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்பதை வைத்து மதிப்பிடக் கூடாது, ஐயா. பலரும் அந்தத் தவறைத்தான் செய்கிறார்கள். நான் செய்யவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கொடைக்கானலில் ஏரிக்குப் போகும் சாலையில், ஒரு சாக்லேட் கடையின் மாடியில் எங்கள் மாலை வகுப்பு நடந்தது. தொழில்முறை எழுத்துப் பயிற்சி. அறிவிப்பு, அறிக்கை, விளம்பரம், அலுவலகக் கடிதம் எல்லாம் உண்டு. நடத்தியவர் ஜெயப்பிரியா மிஸ். பகலில் நான் காசிநாதன் என்பவரின் தங்கும் விடுதியில் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உண்டு. எழுதியதை மறுநாள் படித்தால் இது சரிதானா என்று சந்தேகம் வந்துவிடும். அந்தச் சந்தேகம்தான் என்னை வகுப்பில் சேர்த்தது.

ஐப்பசி மழையில், விடுதிக்குப் பின்னால் காட்சிமுனைக்குப் போகும் நடைபாதை ஓரிடத்தில் சரிந்துவிட்டது. கம்பிவேலியும் மண்ணோடு போய்விட்டது. மதியத்துக்கு மேல் மேகம் இறங்கினால் சரிவு கண்ணுக்குத் தெரியாது. வேலி போட ஆள் வரும்வரை ஒரு பலகை எழுதி வைக்கச் சொன்னார் முதலாளி.

எழுதியதை வகுப்புக்குக் கொண்டுபோனேன். ‘விருந்தினர்களின் கனிவான கவனத்திற்கு’ என்று தொடங்கி, கனமழை, நிர்வாகத்தின் வருத்தம், ஒத்துழைப்பு என்று மரியாதையாகப் போகும். மிஸ் அதை உரக்கப் படித்தார்.

“தம்பி, இதப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள ஆளு கீழ கெடப்பான்.”

பக்கத்தில் இருந்த சத்தியபிரியா, “கொடைரோடு ஸ்டேஷன்ல அறிவிக்கிற மாதிரியில்ல இருக்கு மிஸ்” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மிஸ்ஸும் சிரித்தார்.

“கோச்சுக்காதீங்க தனசேகர். உங்க எழுத்து ஒருத்தரையும் நிறுத்தாது. ‘நில்லுங்கள். முன்னால் பாதை இல்லை.’ அம்புட்டுத்தான். போதும்.”

தகவலுக்காக மட்டுமே இதைச் சொல்கிறேன். எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை.

பயிற்சி முடியும் சமயத்தில், வகுப்பைத் தொடரலாமா என்று பயிற்சி மையத்தினர் மாணவர்களிடம் கருத்துக் கேட்டார்கள். மிஸ்ஸின் வேலை அதைப் பொறுத்திருந்தது. பண்ணைக்காட்டிலிருந்து பஸ் ஏறி வந்து இந்த ஒன்றைத்தான் அவர் நம்பியிருந்தார். தனக்காகப் பாவம் பார்க்க வேண்டாம், நியாயமாகச் சொன்னால் போதும் என்று அவரே எங்களிடம் கேட்டுக்கொண்டார். மற்றவர்கள், சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறார், நேரத்துக்கு வருகிறார் என்றெல்லாம் சொல்லி முடித்துவிட்டார்கள். அது மதிப்பீடா, ஐயா? சமையல் வகுப்பு என்றால் சாப்பாட்டை அல்லவா ருசி பார்க்க வேண்டும்? எழுத்து வகுப்பு என்றால், எழுதியதைப் படித்தவர் என்ன செய்தார் என்று பார்க்க வேண்டும்.

பார்த்தேன். முதலில் என் பழைய பலகையை வைத்துவிட்டு, சரிவை ஒட்டிய யூகலிப்டஸ் மரத்தின் பின்னால் நின்றேன். வந்தவர்கள் ஒரு வரி படித்தார்கள், போனைப் பார்த்தார்கள், நடந்தார்கள். ஒவ்வொருவரையும் நான்தான் குரல் கொடுத்து நிறுத்தினேன். இதை மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் மிஸ் சொன்ன வரியோடு புதிய பலகை. ஒருவரும் தாண்டவில்லை. ஒரு சிறுமி எழுத்துக்கூட்டிப் படித்தாள். அவள் அப்பா அப்படியே அவளைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டார்.

அத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் எனக்குச் சந்தேகம் வந்தது. பலகையைப் படித்துத் திரும்பினார்களா, அந்த வாரம் மேகம் அதிகம் என்று பயந்து திரும்பினார்களா? பலகையே இல்லாமல் ஒரு மாலை பார்த்தால்தான் ஒப்பிட முடியும். கழற்றினேன்.

அந்த மாலை மிஸ்ஸை வரச் சொன்னதும் நான்தான். எழுதி மாட்டியதோடு விட்டுவிடாதீர்கள், படிக்கிறவன் வரும் வழியில் ஒரு தடவை நடந்து பாருங்கள் என்று வகுப்பில் அடிக்கடி சொல்வார். உங்கள் வரியைத்தான் வைத்திருக்கிறேன், வந்து பாருங்கள், பலகைக்குப் பக்கத்தில் நிற்கிறேன் என்று போன் செய்தேன். சந்தோஷப்பட்டார். நல்ல மேகம். மரத்தின் பின்னாலிருந்து அவருடைய நீலக் குடை மட்டும் தெரிந்தது.

“தனசேகர், போர்ட எங்க வெச்சிருக்கீங்க?”

நான் பதில் சொல்லவில்லை. எழுதியவன் படிக்கிறவர் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது என்பதும் அவர் கற்றுக்கொடுத்ததுதான்.

குடை நின்றது. பலகை இல்லாமலே நின்றுவிட்டார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. அப்படியானால் ஒப்பீடு என்ன ஆவது?

“தம்பி, இருக்கீங்களா? ஒண்ணுமே தெரியலையே. திரும்பிரவா?”

“இன்னுங் கொஞ்சம் முன்னால வாங்க மிஸ்” என்றேன். “இங்கனதான் இருக்கு.”

வந்தார். குடை மட்டும் புதரில் மாட்டிக்கொண்டது. உங்கள் மேசைமேல் இருப்பது அதுதான்.

உடனே பலகையைத் திரும்ப மாட்டினேன். விருந்தினர்களின் பாதுகாப்பு முக்கியம் அல்லவா? மதிப்பீட்டையும் மையத்துக்கு அனுப்பிவிட்டேன். வகுப்பு பயனுள்ளது, தொடரலாம் என்றுதான் எழுதியிருக்கிறேன். என் சொந்த விருப்பு வெறுப்பு அதில் ஒரு சொல்லும் இல்லை. மிஸ்ஸிடம் நான் கடைசியாகச் சொன்னதை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை. அது பேச்சு, ஐயா. மதிப்பிட வேண்டியது எழுத்தைத்தான்.