இப்பத்தான் திறந்த டின்

போன ஆடி மாசம், நம்ம கோயமுத்தூர் ரேஸ் டிராக்குல, நூத்தி நாப்பது வேகத்துல வந்த ஒரு காருக்கு பிரேக் பிடிக்காம போச்சு. ஓட்டினவர் டயர் அடுக்குல மோதி நின்னார். தோள்பட்டையில பெல்ட் பதிஞ்ச தழும்போட உயிர் தப்பினார்.

வாடிக்கையாளர் நம்பிக்கையைப் பத்திப் பேசச் சொல்லி என்னை மேடையேத்தி இருக்கீங்க. எனக்குத் தத்துவம் வராதுங்க. ஸ்பேர் பார்ட்ஸ் விக்கிறவன். அதனால அந்தக் காரோட கதையைச் சின்னதா சொல்லிடறேன்.

அவர் பேர் நவநீதன். பம்ப் கம்பெனி வச்சிருக்கார். மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை டிராக்குக்குப் போவார். காரைப் பாக்கறது சகாயராஜ், என் கடைக்கு எதிர்லயே ஒர்க்‌ஷாப். டிராக்குக்கு முன்னாடி பழைய பிரேக் ஆயிலை எடுத்துட்டு புதுசு மாத்துவார். மாத்தியே ஆகணும். ஏன்? திறந்து வச்ச பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தைக் குடிச்சிடும். டவுன்ல அது தெரியாது. டிராக்குல திரும்பத் திரும்ப மிதிக்கறப்ப சக்கரத்து டிஸ்க் சூட்டுல சிவக்கும், ஈரம் சேந்த ஆயில் சீக்கிரமே கொதிக்கும், உள்ள ஆவி கட்டும். பெடல் பஞ்சு மாதிரி தரையைத் தொடும்.

அந்த வாரம் சகாயம் ரெண்டு டின் கேட்டார். சீல் உடைக்காதது ஒண்ணுதான் இருந்துச்சு. கூட ஒரு பாதி டின்னை எடுத்துக் குடுத்தேன். பாதி விலை போட்டேன். உதவி பண்றதாத்தான் நினைப்பு.

"இது எப்பத் திறந்ததுண்ணா?"

"இப்பத்தான்."

யோசிச்சா சொன்னேன்? இல்லீங்க. கடலை வறுக்கிறவரைக் கேளுங்க... இப்பத்தான். பூக்கடையில கேளுங்க... இப்பத்தான். வியாபாரி வாயில அது தானா வரும். நான் அந்த டின்னைத் திறந்தது கார்த்திகை மழையில. எட்டு மாசம்.

திங்கக்கிழமை காலையில ரெண்டு பேரும் என் கடைக்கு வந்தாங்க. பஞ்சாயத்துக்கு என்னைக் கூப்பிடறாங்க... யாரை? என்னை.

நவநீதன் சத்தம் போடல. "சகாயண்ணா, நாலு வருசமா உங்க கையை நம்பித்தான் அந்த வேகத்துல போறேன். ஆயில் மாத்தறப்ப பிரேக் லைன்ல காத்தை எடுக்காம விட்டுட்டீங்கன்னா விட்டுட்டேன்னு சொல்லுங்க. இனி என் காரும் வராது, எங்க குரூப்ல இருக்கிற பதினோரு காரும் வராது."

சகாயம் தலை நிமிரல. "நாலு சக்கரத்துலயும் ரெண்டு தரம் காத்து எடுத்தேன் தம்பி." அப்புறம் அவரே, "எடுத்தேன்னுதான் நினைக்கறேன்... ஒருவேளை விட்டுட்டேனோ என்னமோ."

அந்த 'ஒருவேளை' இருக்கே... இருபத்தாறு வருசம் தொழில் பண்ணின மனுசன், தன் கையவே சந்தேகப்படறார்.

நான் கேட்டேன், "பெடல் இப்ப எப்படி இருக்கு?"

"கல்லு மாதிரி இருக்குங்கண்ணா. அதான் எனக்கும் புரியல"ன்னார் சகாயம்.

எனக்குப் புரிஞ்சிடுச்சுங்க. காத்து இருந்திருந்தா ஆறின பிறகும் பெடல் அமுங்கும். ஆறினதும் கெட்டியாச்சுன்னா, கொதிச்சது ஆயில்.

வாயை மூடிட்டு இருந்தா என்ன ஆயிருக்கும்? எனக்கு ஒண்ணும் ஆயிருக்காது. டின் குப்பைக்குப் போயாச்சு. யார் வந்து சாட்சி சொல்லுவாங்க? நானும் ஒரு நிமிசம் அப்படித்தான் நினைச்சேன், பொய் சொல்லல. அப்புறம் சகாயம் தன் ரெண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு நின்னதைப் பாத்தேன்.

"தம்பி, தப்பு சகாயத்து மேல இல்ல. அந்த ரெண்டாவது டின் எட்டு மாசம் திறந்து கிடந்தது. இப்பத்தான்னு சொன்னது நான்."

நவநீதன் என்னைப் பாத்தார். "ஏண்ணா, பாதி விலைக்குப் பாதி டின் சரி... நான் என்ன, பாதி பிரேக்கா கேட்டேன்?"

சகாயம் அங்கேயே ஸ்டூல்ல உக்காந்துட்டார். "நேத்திருந்து சோறு இறங்கலீங்கண்ணா"ன்னார். திட்டல. திட்டியிருந்தா தேவலைன்னு இருந்துச்சு.

ஐயா, அம்மா, நம்ம எல்லார் கடையிலயும் ஒரு பாதி டின் இருக்கு. ஆயில் கடையில மட்டும் இல்ல. மருந்துக்கடையில, மாவு மில்லுல, எல்லா இடத்துலயும். வாங்கறவங்க மெதுவாப் போறதால நம்ம தப்பு வெளிய தெரியறதில்ல, அவ்வளவுதான். என்னைக்கோ ஒருத்தர் முழு வேகத்துல வந்து, நம்ம வார்த்தையை நம்பி மிதிப்பார். அப்ப பழி நம்ம மேல வராதுங்க... கையில கிரீஸ் ஒட்டின ஆள் மேலதான் போகும். அந்த ஆள் தன் கையைச் சந்தேகப்படறதுக்கு முன்னாடி நாம வாயைத் திறக்கணும். நான் ஒரு நாள் தாமதம்.

பம்பருக்கும் மத்த செலவுக்கும் நான் தர்றேன்னேன். நவநீதன் வாங்கல. வேற பேசி முடிச்சோம். அவங்க குரூப்ல பன்னெண்டு காருக்கும் வேலை சகாயத்துக்கு. ஆயில் என் கடையில, அச்சடிச்ச விலைக்கு, தள்ளுபடி கிடையாது. டின்னோட சீலை சகாயம் கண்ணு முன்னாடி உடைக்கணும், மிச்சம் ஒரு ஸ்பூன் இருந்தாலும் திரும்ப ஷெல்ஃபுக்குப் போகக் கூடாது. ஆயில் மாத்தின பிறகு, டிராக்குல முதல் ரவுண்டு, பக்கத்து சீட்டுல நான் உக்காரணும்.