அறுபதுக்குக் கீழே

இன்டர்நெட்டில் ஒரு எண் தப்பாக இருக்கிறது என்று புகார் கொடுக்கத்தான் நான் வந்தேன், ஐயா. நீங்கள் தமிழ்நாட்டு எல்லைப் பக்கத்துச் சந்தாபுராக்காரர், தமிழிலேயே பேசலாம் என்று வாசலில் இருந்த கான்ஸ்டபிள் சொன்னார். நல்லதாகப் போயிற்று. எனக்குக் கன்னடம் நன்றாக வரும், ஆனால் கணக்கு மட்டும் தமிழில்தான் ஓடும்.

பெயர் கணேசமூர்த்தி, வீடு ஜீவனஹள்ளி. மாலைக் கல்லூரி ஒன்றில் புள்ளியியல் நடத்துகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கிழக்கு மண்டல கிரிக்கெட் அணிக்கு ஸ்கோரர். அணியின் சரித்திரத்தை எழுதிவைக்க ஆள் இல்லாததால் அதையும் நானே எடுத்துக்கொண்டேன். சரித்திரம் என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். ஒரே ஒரு தடவை மண்டலக் கோப்பையின் அரையிறுதிக்குப் போனோம், அன்றைக்கும் மழை வந்து கெடுத்தது. எங்களுக்கென்று சொல்லிக்கொள்ள இருந்தது ஒன்றுதான். சந்தானத்தின் சராசரி.

சராசரி என்பது ஒருவன் எடுத்த ரன்களை அவன் அவுட் ஆன தடவைகளால் வகுப்பது. அவுட் ஆகாமல் திரும்பிவந்தால் ரன் சேரும், வகுக்கும் எண் ஏறாது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் புரிந்துவிடும். எந்த மண்டலத்திலும் வேறு எவனும் அறுபதைத் தொட்டதில்லை. சந்தானம் அறுபத்தாறு வரை போனான். அவனும் நானும் ஒரே பள்ளி, ஒரே பெஞ்சு. அவன் முன்காலை நீட்டி கவர் பக்கம் பந்தைத் தள்ளும்போது எனக்கு எழுதவே கை வராது. அந்த ஆட்டத்தை நான் நேசித்தேன், ஐயா. வேறு எதையும் அப்படி நேசித்ததாக ஞாபகம் இல்லை.

தொண்ணூற்று நான்கில் முட்டி போயிற்று. அவனுக்கு முப்பத்தெட்டு வயது. எட்டு ரன், பன்னிரண்டு ரன், முட்டை. ஒவ்வொரு ஞாயிறும் சராசரி கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்தது, எழுதினவன் நான். தொண்ணூற்றாறு ஜனவரியில் அறுபது புள்ளி ஒன்று ஏழில் வந்து நின்றது. மார்ச்சில் அணியின் வெள்ளிவிழா மலர் அச்சுக்குப் போக வேண்டும். அடுத்த தடவை நாற்பத்தெட்டு ரன்னுக்குள் அவுட் ஆனால் ஐம்பத்தொன்பதாகிவிடும். அந்த முட்டியை வைத்துக்கொண்டு நாற்பத்தெட்டு அடிக்க முடியாது. எனக்கு அது தெரிந்தது, அவனுக்குத் தெரியவில்லை.

சொல்லிப் பார்த்தேன். காக்ஸ் டவுன் மார்க்கெட் பக்கத்து ஹோட்டலில் உட்கார்ந்து, "போதும்டா, நிறுத்திக்கோ" என்றேன். சிரித்தான்.

"கணேசா, நம்பர் எல்லாம் உன் தலைவலி. எனக்கு ஞாயித்துக்கெழமை வெள்ளை பேன்ட் போட்டுக்கினு கிரவுண்டுல நிக்கணும், அவ்ளோதான். டக் அடிச்சாலும் சரி."

எனக்குக் கோபம் வந்தது. இருபது வருஷமாக நான் கட்டிக் காத்த ஒன்றை இவன் தோசைக்கல்லில் தண்ணீர் தெளிப்பதுபோல் பேசுகிறானே என்று வந்த கோபம். காட்டிக்கொள்ளவில்லை. அன்றைக்கு அவன் வீட்டு வாசலில் அவன் மனைவி கோமளம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணா, நீங்க சொன்னா கேப்பாரு. ஆடறத நிறுத்தச் சொல்லுங்களேன். வலில தூங்கறதே இல்ல" என்றாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். சொன்ன வார்த்தையை மீறுகிற பழக்கம் எனக்கு இல்லை.

எங்கள் மைதானத்தில் புல் பிட்ச் கிடையாது. மண்ணின் மேல் மேட் என்கிற தேங்காய் நார்ப் பாயை விரித்து, சுற்றிலும் ஆணி அடித்து ஆடுவோம். ஆட ஆட மேட் தளரும். சாப்பாட்டு இடைவேளையில் அதை இழுத்து மறுபடி அடிப்பது பேட்டிங் செய்கிற அணியில் சும்மா இருப்பவர்களின் வேலை. ரயில் பாதைப் பக்கத்து முனை எப்போதும் என்னுடையது. அம்பயர் ரெமிஜியஸ் ஆணிகளை ஆட்டிப் பார்ப்பார், மேட்டைத் தூக்கிப் பார்க்க மாட்டார். யாருமே பார்ப்பதில்லை. நம் ஆட்கள் நிற்கப்போகும் பிட்ச்சை நாமே கெடுத்துக்கொள்வோம் என்று எவன் நினைப்பான்?

மேட்டுக்கு அடியில் ஒரு கல் இருந்தால் அதில் விழும் பந்து எகிறும். எவ்வளவு எகிறும் என்பது கல்லைப் பொறுத்தது. மைதானம் காலியாக இருக்கும் வார நாட்களில் போய், தண்டவாளத்து ஜல்லிகளை ஒவ்வொன்றாக வைத்துப் பந்தை எறிந்து பார்த்தேன். சிலது விலா உயரம், சிலது கை உயரம். ஒரு பக்கம் சரிந்த தட்டை ஜல்லி ஒன்று சரியாக வந்தது. மண்ணைச் சுரண்டிப் பதித்தால் மேலே தெரியவும் தெரியாது.

ஆட்டம் தொம்மலூர் பையன்களோடு. இடைவேளைக்கு முன் சந்தானம் ஒன்பது ரன் எடுத்திருந்தான். சாப்பாடு முடிந்து தினேஷ் என்ற பையன் வேகமாக வீசினான். அவன் பந்து எங்கே விழும் என்பது எனக்கு அத்துப்படி, இரண்டு சீசனாகக் குறித்து வைத்திருந்தேன். வேறு யாராவது அடிபட்டிருந்தால் என்று நீங்கள் கேட்கலாம். வாய்ப்பு குறைவு. மூன்றாவது பந்து கல் மேல் விழுந்தது. சந்தானம் முன்காலை நீட்டி, குனிந்து, அழகாகத்தான் ஆடினான். ஹெல்மெட் போட மாட்டான், வியர்க்கிறது என்பான். நெற்றிப் பொட்டில் பட்டது.

எல்லோரும் அவனைச் சுற்றி நின்றபோது நான் மேட்டைச் சரிசெய்து, கல்லை எடுத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் போய்விட்டான். தினேஷ் அதற்குப் பிறகு பந்தைத் தொடவில்லை. கோமளம் வீட்டுப் படியில் வந்து உட்கார்ந்து அழுதான். உன் மேல் தப்பே இல்லை என்று எத்தனையோ தடவை சொன்னேன், அவன் நம்பவில்லை.

நான் 'காயம்பட்டு வெளியேறினார்' என்று எழுதினேன். அதாவது அவுட் இல்லை. அறுபது புள்ளி மூன்று. மலரில் அப்படியே அச்சானது.

இப்போது எங்கள் புதுச் செயலாளர் சஞ்சய், ஏதோ சாஃப்ட்வேர் கம்பெனிக்காரன், பழைய விவரங்களையெல்லாம் வெப்சைட்டில் ஏற்றுகிறான். ஓவர் முடிந்தால்தான் இரண்டு ஸ்கோரர்களும் ஒப்பிட்டுச் சரிபார்ப்போம். அந்த ஓவர் முடியவே இல்லை. எதிரணி ஸ்கோரர் தன் பாட்டுக்கு 'கேட்ச்' என்று போட்டு வைத்திருக்கிறார். தலையில் பட்ட பந்து மேலே போய்ப் பக்கத்தில் நின்றவன் கையில் விழுந்தது, பழக்கதோஷத்தில் இரண்டு பேர் கத்தினார்கள், அதனால். சஞ்சய் அதை எடுத்துக்கொண்டான். ஐம்பத்தொன்பது புள்ளி நான்கு ஐந்து. உலகமே பார்க்கிற இடத்தில்.

"ரெமிஜியஸ் அங்கிள்கிட்ட பேசிட்டேன் சார். க்ளவுஸ்ல பட்டிருக்கும்னு சொல்றாரு. செத்துப்போனவரோட ஒரு பாயின்டுக்கு ஏன் சார் இவ்ளோ டென்ஷன்?" என்கிறான்.

மட்டையிலோ க்ளவுஸிலோ பட்ட பந்தைப் பிடித்தால்தான் அவுட், தலையில் மட்டும் பட்டால் இல்லை. க்ளவுஸில் படவே முடியாது, ஐயா. அதை உங்களிடம் நிரூபிக்கத்தான் கல்லைப் பற்றிச் சொன்னேன். கை உயரத்துக்கு எழும்பும் ஜல்லிகளும் என்னிடம் இருந்தன. அவற்றை வேண்டாம் என்றுதான் ஒதுக்கினேன். விரல் உடைந்தால் ஒரு மாதத்தில் கூடிவிடும், விலா என்றால் இரண்டு மாதம். மறுபடி மட்டையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவான். வரக்கூடாது என்றுதானே இவ்வளவும். தலை உயரத்துக்கு எழும்புவதைத்தான் தேடி எடுத்து வைத்தேன். இதைவிடத் தெளிவான சாட்சி வேறு என்ன வேண்டும்?

என்னை ஏன் இப்படிப் பார்க்கிறீர்கள்? எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

பிட்ச்சில் கைவைத்தது தெரிந்தால் அந்த ஆட்டத்தையே ரத்து செய்துவிடுவார்களே என்கிறீர்கள். அதையும் பஸ்ஸில் வரும்போதே போட்டுப் பார்த்துவிட்டேன். ஆட்டம் போனால் அந்த ஒன்பது ரன் போகும், அவுட் என்று போட்டதும் சேர்ந்து போகும். பழையபடி அறுபது புள்ளி ஒன்று ஏழுக்கு வந்துவிடும். சந்தானத்துக்கு அதில் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை.