டீச்சர் வீட்டுக் கறுப்பு வலை

குடியரசு நாள் கொடியை ஏற்றிவைத்து, இந்த அவைக்கும் தலைமையேற்றிருக்கும் நம் குடியிருப்போர் சங்கத் தலைவி ஞானசௌந்தரி அம்மையார் அவர்களே! முழங்கால் வலியிலும் முன்வரிசையில் முகம் மலர்ந்திருக்கும் மூத்தோர்களே! கொசு மட்டை ஏந்திய கரங்களால் குழந்தைகளைக் காத்த தாய்மார்களே! வடை எப்போது வரும் என்று வாசலையே பார்க்கும் நண்பர்களே! செயலாளர் சூர்யநாராயணனின் வணக்கம்.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் நமக்குத் தந்த செல்வங்கள் இரண்டு. ஒன்று பறவை, மற்றொன்று கொசு! பறவையைப் பார்க்க ஜன்னலைத் திறந்தோம், கொசு வந்தது. கொசுவுக்கு அஞ்சி மூடினோம், காற்று போனது. முந்தின மழைக்காலத்தில் ஒன்பது பேர் டெங்குவில் படுத்தோம். ஜன்னலுக்கெல்லாம் கொசு வலை போட வேண்டும் என்று ஒரே நாளில் முடிவெடுத்தோம். நிறத்தை முடிவெடுக்க? நான்கு மாதம்! நான்கு மாதம், ஐயா!

வெள்ளை வலையே வேண்டும் என்று முழங்கியவன் யார்? அடியேன்! கறுப்பு போட்டால் கட்டடம் துக்க வீடு போலாகும் என்று கர்ஜித்தவன் யார்? அடியேன்! பளபளக்கும் பித்தளைத் தாழ்ப்பாள் சட்டத்தின் உச்சியில் இருந்தால்தான் அழகு என்றவனும் அடியேனே! பிரணவ், நீங்கள் சிரிக்க வேண்டாம். பச்சை வலை கேட்டவர் நீங்கள்.

தெருவிலிருந்து பார்த்தால் எல்லா ஜன்னலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பது நம் சங்க விதி. எனவே இரண்டாம் மாடியில் மாதிரிகளை மாட்டிவிட்டு, தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தோம். கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

மாதிரி மாட்டிய வீடு அமலராணி டீச்சருடையது. பக்கவாதத்துக்குப் பின் சக்கர நாற்காலியில் இருப்பவர். மூடிய ஜன்னலுக்குள் மூச்சு முட்டி, வீட்டை விற்றுவிட்டு மகனிடமே போய்விடுகிறேன் என்று சங்கத்துக்கு மனுவே எழுதிவிட்டார். அதை வாங்கத்தான் மாடியேறினேன்.

"நாலு மாசமா கீழ நின்னு பாக்கறீங்களே சார், ஒருத்தராவது உள்ள வந்து பாத்தீங்களா? இப்படி உக்காருங்க" என்றார்.

உட்கார்ந்தேன். வெள்ளை வலை வழியே பார்த்தேன். வெயில் பட்டுக் கண் கூசியது, சதுப்பு நிலத்தையே காணோம்! கறுப்பு வலை வழியே பார்த்தேன்; நீர் தெரிந்தது, நாணல் தெரிந்தது, நாணலோரம் கூழைக்கடா தெரிந்தது! அது விழுங்கிய மீன் ஒன்றுதான் தெரியவில்லை.

தாழ்ப்பாளைத் திறக்கச் சொன்னேன். அவர் கை பாதிச் சட்டத்தில் நின்றுவிட்டது. "உங்க அழகு எனக்கு எட்டலையே சார்" என்றார்.

வெட்கிப் போனேன், பெரியோர்களே! வீட்டுக்கா வலை தேடினோம்? வீதிக்குத் தேடினோம்! வாழ்பவருக்கா தாழ்ப்பாள் தேடினோம்? வழியில் போகிறவருக்குத் தேடினோம்!

அந்த வாரமே எல்லா வீட்டுக்கும் கறுப்பு வலை. துருப்பிடிக்காத ஸ்டீல் தாழ்ப்பாள், அவரவர் கைக்கு எட்டும் உயரத்தில். இந்த மழைக்காலமும் போயிற்று. ஒரு வீட்டிலாவது டெங்கு உண்டா? இல்லை! ஒரு ஜன்னலாவது மூடிக் கிடந்ததா? இல்லை! அப்பாடா! இப்போதுதான் நிம்மதியாக மூச்சு விடுகிறேன்.

அந்த மனு? "கிழிச்சுப் போட்டுடுங்க சார்" என்று நேற்று டீச்சர் சொல்லியனுப்பினார். நான்காகக் கிழித்தேன்!

இன்று லிஃப்ட் பழுது. டீச்சரால் இறங்கி வர முடியவில்லை. அண்ணாந்து பாருங்கள். வலைக்குள் அவர் நமக்குத் தெரிய மாட்டார். நாம் அவருக்கு நன்றாகத் தெரிவோம். டீச்சர்! நான் பேசுவது கேட்கிறதா?

கேட்டீர்களா அந்தச் சத்தத்தை? தாழ்ப்பாள்! அதோ வலை திறக்கிறது! அதோ கையசைக்கிறார்! தட்டுங்கள் ஐயா, கை வலிக்கத் தட்டுங்கள்!

இத்துடன் முடிக்கிறேன். பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. அந்த ஜன்னலுக்கு என் வணக்கம்.